லிஃப்ட் நின்ற இருபத்திரண்டு நிமிடங்கள்

என் பெயரும் வீட்டு எண்ணும் தெருவும் தனித்தாளில் எழுதப்பட்டு இதனுடன் இணைக்கப்பட்டுள்ளன. வயது நாற்பத்து நான்கு. மனைவி தபால் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். ஒரே மகள், வயது பதினான்கு. நான் லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது வருடமாக இந்த வேலை செய்கிறேன். நான் பார்க்கிற லிஃப்டில் இதுவரை ஒருவருக்கும் சுண்டுவிரலில்கூட அடிபட்டதில்லை. இது வழக்குக்குத் தேவையா என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் எழுத்தர் கேட்டார், தேவை என்று சொன்னேன், எழுதிக்கொண்டார். என்னை யாரும் பிடித்து வரவில்லை. இன்று காலை பத்து மணிக்கு நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன். என் மகளும் கூட வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நான் கட்டடக் காவலாளிக்காகச் சாட்சி சொல்ல வந்திருப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் பராமரிக்கும் பதினொரு கட்டடங்களில் மருந்துக்கடை முனையில் இருக்கும் ஐந்து மாடிக் கட்டடமும் ஒன்று. அதன் ஐந்தாவது மாடி முழுவதும் இளைஞர் மையம். பள்ளி விட்டதும் நான்கு மணியிலிருந்து ஏழு மணிவரை அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். முதலில் வீட்டுப்பாடம், அதன் பிறகு அரை மணி நேரம் ‘ஜோடி நேரம்’ என்று வைத்திருக்கிறார்கள். வெளியே வேலை பார்க்கும் பெரியவர்களில் ஒருவரை ஒரு பிள்ளைக்கு ஒரு வருடத்துக்கு ஜோடியாகப் போடுவார்கள். இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசலாம், படிக்கலாம், சும்மாவும் இருக்கலாம். அந்த அரை மணி நேரம் பெற்றோர் உள்ளே போகக் கூடாது, என்ன பேசினீர்கள் என்று பிள்ளையிடம் பிறகு கேட்கவும் கூடாது. இந்த விதியைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு மகளைச் சேர்த்துவிட்டது நான்தான். அன்று அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

என் மகளுக்கு ஜோடியாக அமைந்தவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் பெண். வயது இருபத்தேழு இருக்கும். பிள்ளைகள் அவளைக் கண்ணாடி அக்கா என்று கூப்பிடுவார்கள். அவள் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை, நல்ல பெண். ஆனால் என் மகள் வீட்டில் வாய் திறந்து பேசி இரண்டு வருடம் ஆகிறது. எதைக் கேட்டாலும் ‘ம்’, ‘ம்ஹூம்’, ‘ஒண்ணுமில்ல’, இந்த மூன்றில் ஒன்றுதான் வரும். வயசு அப்படி என்று என் மனைவி சொல்வாள், நானும் சரி என்று விட்டிருந்தேன். அதன் பிறகு ஒருநாள் ஐந்தாவது மாடியில் லிஃப்ட் கதவுக்கு எண்ணெய் போடப் போனபோது, மையத்தின் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். ஜன்னலோர மேசையில் என் மகள் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் ஒரு வார்த்தையும் சொல்லாமல் மோவாயைக் கையில் தாங்கிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வந்தது பொறாமைதான், வேறு பேர் எதுவும் இல்லை.

அதன் பிறகு மாதம் ஒருமுறை போட வேண்டிய எண்ணெயை வாரம் ஒருமுறை போட ஆரம்பித்தேன், அதுவும் சரியாக ஜோடி நேரத்தில். மையத்தின் பொறுப்பாளர் அம்மா ஒருநாள், “என்ன சார், எங்க லிஃப்ட்டுக்கு இவ்வளவு கவனிப்பு? அடுத்த மாடிக்காரங்க கண்ணு வைக்கப் போறாங்க” என்றார். சிரித்துச் சமாளித்தேன். கதவுக்கு வெளியே நின்றால் உள்ளே பேசுவது ஒரு எழுத்தும் கேட்காது. கண்ணாடி தடிமன் அப்படி.

என் மகளுக்குச் சிறு வயதில் நான் வைத்த செல்லப்பெயர் வாலு. ஏழாம் வகுப்பில் ஒருநாள், யார் முன்னாலும் அப்படிக் கூப்பிடாதீங்க, வெட்கமாக இருக்கிறது என்றாள். வாயைக் கட்டிக்கொண்டேன். நான்கு மாதத்துக்கு முன் மழை நாளில் அவளை அழைத்துவரப் போனபோது, படியில் நின்று அந்தப் பெண், “வாலு, குடையை மறந்துட்டியே” என்று கூப்பிட்டாள். என் மகள் சிரித்துக்கொண்டே திரும்பி ஓடினாள். அந்தப் பெயர் நான் வைத்தது. அன்று வீட்டுக்கு வரும்வரை நான் அவளுடன் பேசவில்லை. பேசாததை அவள் கவனிக்கவும் இல்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது இதை மனைவியிடம் சொன்னேன். “ஏங்க, சக்களத்தி வந்த மாதிரி இந்தக் குதி குதிக்கிறீங்க? பதினாலு வயசுப் பொண்ணு எல்லாத்தையும் அப்பாகிட்டயா வந்து சொல்லும்?” என்று சிரித்தாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். பிறகு பசித்தது, ஆனால் போய் உட்காரவில்லை.

மையத்தில் வருடக் கடைசியில் ஒரு விழா நடக்கும். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த ஒரு பெரியவரை மேடையில் நாற்காலியில் உட்காரவைத்து, அவரைப் பற்றி எல்லோர் முன்னிலையிலும் மூன்று நிமிடம் பேச வேண்டும். அது அம்மாவாக இருக்கலாம், அப்பாவாக இருக்கலாம், ஜோடியாகவும் இருக்கலாம், பிள்ளையின் விருப்பம். சென்ற வாரம் அந்தப் பட்டியலை ஐந்தாவது மாடி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். எண்ணெய் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே முழுவதும் படித்தேன். ஒன்பது பிள்ளைகள் அப்பா என்று எழுதியிருந்தார்கள். அதில் ஒரு அப்பன் வீட்டுப்பக்கமே வருவதில்லை, எனக்குத் தெரியும். அவனுக்குக்கூட மேடையில் நாற்காலி இருந்தது. என் மகள் பெயருக்கு நேரே ‘கண்ணாடி அக்கா’ என்று அவள் கையெழுத்தில் இருந்தது.

விழா சென்ற சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. நான் மூன்று மணிக்கே வேலைச் சட்டையோடு கட்டடத்துக்குப் போனேன். விழாவுக்கு வந்தீர்களா என்று காவலாளி கேட்டதற்கு, இல்லை, லிஃப்டைப் பார்க்க வந்தேன் என்றேன். என் திட்டம் இதுதான். விழா தொடங்கும் நேரத்தில் லிஃப்ட் ஓடக் கூடாது. விருந்தாளிகள் ஐந்து மாடி ஏறி மூச்சு வாங்க வேண்டும், பொறுப்பாளர் அம்மா ஓடிவந்து என்னைக் கூப்பிட வேண்டும், எல்லோரும் பார்க்க நான் போய்ச் சரி செய்ய வேண்டும், என் மகளும் அதைப் பார்க்க வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. நாற்பத்து நான்கு வயது ஆளுக்கு இந்தப் புத்தி வந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

லிஃப்டை இயக்கும் மோட்டார் அறை மொட்டை மாடியில் இருக்கிறது. அதற்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், மற்றொன்று வாசலில் காவலாளியின் அறையில் ஆணியில் தொங்கும். மெயின் ஸ்விட்சை அணைக்கும் முன் செய்ய வேண்டியவை இரண்டு. கீழே ‘வேலை நடக்கிறது’ என்ற பலகையை மாட்ட வேண்டும். அதன் பிறகு மோட்டார் அறையில் இருக்கும் தொலைபேசியை எடுத்து, லிஃப்டுக்குள் ஆள் இருக்கிறதா என்று இரண்டு தரம் கேட்க வேண்டும். பத்தொன்பது வருடத்தில் இதை நான் ஒருநாளும் விட்டதில்லை. அன்று விட்டேன். பலகை மாட்டினால் அது என் வேலை என்று தெரிந்துவிடும். தொலைபேசியை எடுக்காததற்குக் காரணம் நாற்காலிகள்.

அன்று மதியத்திலிருந்து கீழேயிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை லிஃப்டில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அடுக்கினால் ஆள் நிற்க இடம் இருக்காது. அதனால் நாற்காலிகளை உள்ளே தள்ளி, ஐந்தை அழுத்திவிட்டு ஆள் வெளியே குதித்துவிடுவார்கள், மேலே இருப்பவர்கள் இறக்கிக்கொள்வார்கள். இப்படி ஆளில்லாமல் அனுப்பக் கூடாது என்று நூறு தரம் சொல்லியிருக்கிறேன், யாரும் கேட்டதில்லை. மாலை நான்கு நாற்பதுக்கு நான் ஸ்விட்சில் கை வைத்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலிதானே போகிறது என்று அணைத்துவிட்டேன்.

ஆனால் அதில் போனது நாற்காலி அல்ல. கண்ணாடி அக்கா கடையிலிருந்து தாமதமாக வந்திருக்கிறாள். என் மகள் அவளை அழைத்துவரக் கீழே ஓடியிருக்கிறாள். வேறொரு பிள்ளை அந்தப் பெண்ணின் பையை வாங்கிக்கொண்டு படியேறிப் போய்விட்டது. இவர்கள் இருவரும் லிஃப்டில் ஏறி, இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டார்கள். அந்தப் பெண்ணின் மூச்சிழுப்பு மருந்து அந்தப் பையில் இருந்தது. இவையெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை.

நான்கு நாற்பத்திரண்டுக்கு மோட்டார் அறையில் மணி அடித்தது. லிஃப்டுக்குள் அவசரப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் அறையிலும் காவலாளி அறையிலும் ஒரே நேரத்தில் அடிக்கும், பேட்டரியில் ஓடுவதால் மின்சாரம் தேவையில்லை. காவலாளி அப்போது வாசலுக்கு வெளியே வண்டிகளை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார். மேலே ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்ததால் வேறு யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. நான் தொலைபேசியை எடுத்தேன், எடுத்தால் லிஃப்டுக்குள் பேசுவது எல்லாம் கேட்கும். “ஹலோ, யாராவது இருக்கீங்களா?” என்றது என் மகளின் குரல். பேசினால், நீங்க எப்படி அங்க என்று கேட்பாளே என்று வாயை மூடிக்கொண்டேன். இன்னொரு கை ஸ்விட்சுக்குப் போய்விட்டது. அப்போது அவள், “யாரும் எடுக்கல அக்கா. பயப்படாதீங்க, இந்த லிஃப்ட்டைப் பாக்குறது எங்கப்பாதான். கீழதான் இருக்காராம், காவலாளி மாமா சொன்னாரு, வந்துடுவாரு” என்றாள். அதற்கு அந்தப் பெண், “எனக்கு மூடுன இடம் ஆகாது வாலு. ஏதாவது பேசிக்கிட்டே இரு. மேடையில என்னைப் பத்தி என்ன பேசப் போற, அதையே சொல்லு” என்றாள்.

நான் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்தேன். இந்த இடத்தில் ஆய்வாளர், தெரிந்தே எடுத்தாயா என்று கேட்டார். தெரிந்தேதான் எடுத்தேன். எட்டு மாதம் கண்ணாடிக்கு வெளியே நின்ற ஆள் நான். உள்ளே என்ன பேசுகிறாள் என்று முதல் தடவையாகக் காதில் விழுந்தது. ஒரு நிமிடம் கேட்டுவிட்டுப் போடலாம் என்று நினைத்தேன்.

அதன் பிறகு என் மகள் பேசியதை நினைவில் உள்ளபடி சொல்கிறேன். “எங்க வீட்டுல நான் ஒரு விஷயத்தைச் சொல்ல ஆரம்பிச்சா, முடிக்கிறதுக்குள்ள பதில் வந்துடும். எங்கப்பாகிட்ட எல்லாத்துக்கும் ஒரு ஸ்பேனர் இருக்கு. கணக்கு டீச்சர் திட்டுனாங்கன்னு சொன்னா, நாளைக்கே ஸ்கூலுக்கு வர்றேம்பாரு. பிரெண்டு பேசலைன்னா, வேற பிரெண்டப் பாரும்பாரு. நான் என்ன லிஃப்ட்டா, உடனே சரி பண்றதுக்கு? அக்காவுக்குப் பதில் எதுவும் தெரியாது. அதனாலதான் எனக்கு அக்காவப் பிடிக்கும்.” இதைக் கேட்டு அந்தப் பெண் சிரித்தாள். “அடிப்பாவி, மேடையில என்னை ஒண்ணும் தெரியாதவன்னு சொல்லப் போறியா” என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு பள்ளியில் நடந்தது, யாரோ ஒரு பெண் இவள் பெஞ்சில் உட்கார மறுத்தது, முடியை வெட்டிக்கொள்ளலாமா என்று யோசிப்பது, பெரியவளானதும் வீட்டை விட்டுத் தூரத்தில் போய்ப் படிக்க ஆசைப்படுவது என்று என்னென்னவோ சொன்னாள். ஒன்றுகூட எனக்குத் தெரியாது. வேர்வை காதில் வழிந்து தொலைபேசி வழுக்கியது, மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன். மணி பார்த்தேன், நான்கு ஐம்பத்தைந்து. அப்போதும் போடவில்லை.

அதன் பிறகு அந்தப் பெண், “உங்கப்பாவக் கூப்பிட்டிருக்கலாமே, பாவம்” என்றாள். அவள் என்னைப் பாவம் என்றது எனக்குப் பிடிக்கவில்லை. என் மகள், “விழாவுக்குக் குடுத்த ஃபாரத்துல முதல்ல அப்பான்னுதான் எழுதினேன். கேக்கலாம்னு ரெண்டு நாள் டைனிங் டேபிள்ல வச்சிருந்தேன். அவர் அது மேல கிரீஸ் டப்பாவ வச்சுட்டு, சனிக்கிழமை எவ்வளவு வேலைன்னு அம்மாகிட்ட புலம்பிட்டிருந்தாரு. பெறகு வேற ஃபாரம் வாங்கி உங்க பேரை எழுதிட்டேன்” என்றாள். கிரீஸ் டப்பாவை வைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கீழே தாள் இருந்தது ஞாபகம் இல்லை.

அதன் பிறகு, “எங்கப்பா எப்படித் தெரியுமாக்கா? லிஃப்ட் கதவு மூடும்போது கையை விட்டுத் தடுத்து எட்டிப் பாப்பாரு. யாராவது ஓடி வர்றாங்களான்னு. முன்னபின்ன தெரியாத ஆளுக்காகக்கூட நிப்பாரு. எனக்காகவும் ஒரு தடவை அப்படி நிக்க மாட்டாரான்னு இருக்கும்” என்றாள். அதன் பிறகு “அக்கா! அக்கா!” என்று அலறினாள். உடனே ஸ்விட்சைப் போட்டேன். அதுவரை அந்தப் பெண்ணுக்கு மூச்சுத் திணறியது எனக்குத் தெரியாது. மணி ஐந்து இரண்டு.

லிஃப்ட் மூன்றாவது மாடியில் வந்து திறந்தது. நான் படிகளில் இறங்கி ஓடியபோது அந்தப் பெண் சுவரில் சாய்ந்து உதடு நீலம் பாரித்துக் கிடந்தாள். அவளைத் தூக்கி வெளியே கிடத்தினேன். மருந்துக்கடைக்காரர் வந்தார், அதன் பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. என் மகள் எல்லோர் முன்னாலும் என் கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “நான் சொன்னேன்ல, அப்பா வந்துடுவாருன்னு சொன்னேன்ல” என்று அழுதாள். சுற்றி நின்றவர்கள், நல்லவேளை நீங்கள் இருந்தீர்கள் என்றார்கள். விழா நடக்கவில்லை.

அதன் பிறகு பராமரிப்புப் புத்தகத்தில் நான் எழுதியது: ‘மெயின் ஸ்விட்ச் அணைக்கப்பட்டிருந்தது. அணைத்தவர் யார் எனத் தெரியவில்லை. அறையின் சாவி காவலாளியிடம் உள்ளது.’ என் சாவியைப் பற்றி எழுதவில்லை. அந்த மூன்று வரியை வைத்துத்தான் நேற்று முன்தினம் காவலாளியை இங்கே கொண்டுவந்தீர்கள். மணி அடித்தபோது அவர் இடத்தில் இல்லாததும் அவருக்கு எதிராகப் போனது. அவர் மோட்டார் அறைக்கு ஏறி வந்ததே கிடையாது, முழங்கால் வலி உள்ளவர். தினமும் என் மகள் கீழே இறங்கும்போது, பார்த்துப் போம்மா என்று சொல்லுகிறவர்.

சனிக்கிழமைக்குப் பிறகு என் மகள் என்னிடம் பேச ஆரம்பித்தாள். சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, கயிறு அறுந்தால் என்னாகும், பிரேக் எங்கே இருக்கிறது என்றெல்லாம் கேட்டாள். பள்ளியில் எல்லோரிடமும் எங்கப்பாதான் காப்பாற்றினார் என்று சொல்லியிருக்கிறாள். மனைவி, “இப்ப என்ன, வாயெல்லாம் பல்லு” என்றாள். உண்மைதான், சந்தோஷமாக இருந்தேன். அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் மூச்சுக் குழாயோடு இருந்த நாட்கள் அவை. என் மகள் தினமும் மாலை அவளைப் பார்க்கப் போய்விட்டு வந்து அவளைப் பற்றியே பேசுவாள். படுக்கையில் கிடக்கிறவள் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. நேற்றுக் குழாயை எடுத்துவிட்டார்கள். என் மகள் அதைச் சொன்ன கையோடு, “அப்பா, காவலாளி மாமாவை இன்னும் விடலையாம். அவர் அணைச்சிருக்க மாட்டாருப்பா. நீங்க போய்ச் சொல்லுங்க. லிஃப்ட்டப் பத்தி நீங்க சொன்னா கேப்பாங்க” என்றாள். இரவெல்லாம் புரண்டு கொண்டிருந்தேன். காலையில் அவளே என் வேலைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு வந்து இதைச் சொல்கிறேன். காவலாளிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவரை விட்டுவிட வேண்டும்.

இதை எனக்கு வாசித்துக் காட்டுவதற்கு முன் என் மகளை உள்ளே கூப்பிடச் சொன்னேன். சின்னப் பிள்ளை முன்னால் எதற்கு என்று ஆய்வாளர் கேட்டார். வீட்டில் என் வாயால் சொன்னால் அங்கங்கே மழுப்பிவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும் என்றேன். அவளை என் எதிரில் உட்காரவைத்து முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கப்பட்டது. அவள் தலையைக் குனியவில்லை, அழவுமில்லை. வாசித்து முடிந்ததும் என்னைப் பார்த்து, “அக்காவுக்கு மூச்சு இழுத்த சத்தம் எனக்கே பயமா இருந்துச்சு. அவ்வளவு சத்தம். உங்களுக்குக் கேக்கலையாப்பா?” என்று கேட்டாள்.

திருத்தம். அந்தப் பெண்ணுக்கு மூச்சுத் திணறியது எனக்குத் தெரியாது என்று மேலே சொன்ன வரியை அடித்துவிட வேண்டும். எனக்குக் கேட்டது. என் மகள் அப்போதுதான் ‘எங்கப்பா’ என்று ஆரம்பித்திருந்தாள். முடிக்கட்டும் என்று நின்றேன். இந்தத் திருத்தத்தோடு மேலே உள்ளது முழுவதும் உண்மை, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதல்ல. அடித்த வரியின் பக்கத்தில் ஒன்று, இங்கே ஒன்று என இரண்டு இடத்தில் என் மகள் முன்னிலையில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.